விட்டுப்போன ஒரு பேரு

அந்தப் பையை இங்கிட்டுத் தாங்க தம்பி, மடியில வச்சுக்கிடுதேன். உக்காருங்க. திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான். கோவில்பட்டியில நீங்க ஏறும்போதே பாத்தேன், பேச்சுத்துணைக்கு ஆகுற முகம். ஒண்ணு கேக்கேன், நியாயத்தைச் சொல்லுங்க. ஒரு மனுசன் வருசக்கணக்கா ஒரு சங்கத்துல நன்றியுரை சொல்லுதான். ஒரு பேரு விட்டதில்லை. போன மாசம் ஒரே ஒரு பேரு விட்டுப்போச்சு. அது அவன் குத்தமா, இல்ல அவனை அந்த எடத்துல கொண்டாந்து நிறுத்துனவ குத்தமா?

அந்தா, முன்னால லேடீஸ் சீட்டுல மஞ்சச் சுடிதார் தெரியுதுல்லா, அவதான் நிறுத்துனவ. பேரு ஜெசிந்தா. பக்கத்துல கனகாம்பரம் வச்சு உக்காந்திருக்கது என் வீட்டுக்காரி ஆவுடையம்மா. ரெண்டு பேரும் கையாலயே பேசிக்கிட்டு வாராக, என்னைப் பத்தித்தான் இருக்கும். நாம சத்தமாவே பேசலாம், ஜெசிந்தாவுக்குக் காது கேக்காது. வீட்டுக்காரிக்கு நல்லாக் கேக்கும். அவ பேச்சு வரும்போது மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்கிடுங்க.

என் பேரு கோமதிநாயகம். கோவில்பட்டியில பாத்திரக்கடை. வைகறைச் சேவைச் சங்கம்னு ஒண்ணு எங்க ஊர்ல இருக்கு. கண் முகாம், ரத்ததானம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பை, கோடையில மோர்ப்பந்தல், எல்லாம் செய்வோம். தலைவர் மாறுவாக, செயலாளர் மாறுவாக, நன்றியுரை மட்டும் மாறாது. நன்றியுரைன்னா கோமதிநாயகம் அண்ணாச்சி.

லேசுன்னு நினைச்சிராதீக. எனக்கு முன்னால ஒருத்தர் சொல்லிக்கிட்டிருந்தாரு, நல்ல மனுசன். ஒரு நாள் மண்டபத்துக்காரர் உலகநாதன் பேரை விட்டுட்டாரு. அம்புட்டுத்தான். அடுத்த மாசம் மண்டபம் வெள்ளையடிக்கோம்னு சொல்லிட்டாரு உலகநாதன். அதுக்கு அடுத்த மாசமும் வெள்ளையடிச்சாரு. நாங்க ரைஸ் மில்லு களத்துல தவிட்டுத் தூசியில உக்காந்து கூட்டம் போட்டோம், வந்திருந்த கண் டாக்டர் கண்ணைக் கசக்கிக்கிட்டே பேசுனாரு. அதுக்கப்புறம்தான் இந்தப் பொறுப்பு எங்கிட்ட வந்துச்சு. கையில துண்டுச்சீட்டு வச்சுக்கிட மாட்டேன். சிறப்பு விருந்தினர்ல ஆரம்பிச்சு, மண்டபம், சாப்பாடு, பந்தல், மைக் செட்டு வரைக்கும் மனசுல வரிசையா நிக்கும்.

ஆனா யாரு கேக்கா? தலைவர் உக்காந்து, “இப்போது நன்றியுரை”ன்னு சொன்ன உடனே நாற்காலி எல்லாம் கறகறன்னு சத்தம் போடும். கேசரி வாசனை அடிச்சுக்கிட்டிருக்கும்லா. சனம் எந்திரிச்சு நடந்துக்கிட்டே கேக்கும். பேரு வந்தா ஒரு கையைத் தூக்கிட்டு நடக்கும். மைக் செட்டு அந்தோணி நான் பேசிக்கிட்டிருக்கும்போதே ஒயரைச் சுத்த ஆரம்பிச்சிருவான். நான் முதுகைப் பாத்துத்தான் தம்பி நன்றி சொல்லிப் பழக்கம். வருத்தப்பட்டதில்லை. இல்ல, பட்டிருக்கேன், ஏன் பொய் சொல்லணும். எல்லாருக்கும் நன்றி சொல்றவனுக்கு நன்றி சொல்ல நிகழ்ச்சி நிரல்ல எடம் கிடையாது. அவன்தான் கடைசி. அவனுக்குப் பிறகு தேசியகீதம்.

இதை ஒரு நாள் வீட்டுல சொன்னேன். ஆவுடையம்மா காப்பியை டக்குன்னு கீழ வச்சா. ஊருக்கெல்லாம் நன்றி சொல்றீகளே, இந்தக் காப்பிக்கு என்னைக்காவது சொல்லியிருக்கீகளான்னு கேட்டா. அது வேற, இது வேறன்னு எடுத்துச் சொன்னேன். அவளுக்குப் புரியலை.

எங்க சங்கத்துல பேதம் கிடையாது, அதை முதல்ல சொல்லிருதேன். எல்லா சாதியும் உண்டு, எல்லா மதமும் உண்டு. காஜா மைதீன் பாயை எடுத்துக்கிடுங்க, எங்க பழைய உறுப்பினர். பிரியாணி போடுற நிகழ்ச்சின்னா மொத்தப் பொறுப்பும் அவருக்குத்தான், வேற யாரையும் கிட்ட விடமாட்டோம். பொம்பளைகளுக்கு மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை, குத்துவிளக்கு ஏத்த அவுகதான் வரணும். உறுப்பினரா சேத்ததில்லை. சேக்கக்கூடாதுன்னு விதியும் இல்லை, யாரும் கேக்கலை, நாங்களும் சொல்லலை. துப்புரவுத் தொழிலாளர் தினத்தன்னைக்கு அவுகளை மேடையில ஏத்தி, சால்வை போத்தி, போட்டோ எடுப்போம். மறுநாள் தெருவுல பாத்தாக்கூடச் சிரிப்போம்.

இந்த ஜெசிந்தாவையும் எங்களுக்குத் தெரியாம இல்லை. பிளக்ஸ் போர்டு அடிக்கிற கடையில கம்ப்யூட்டர்ல டிசைன் போடுறவ. சங்கத்து போர்டு பூராவும் அவ கையிலதான். போர்டுல என் தலைக்கு முடி வச்சவ அவதான், உலகநாதனுக்குத் தொந்தியைக் குறைச்சவளும் அவதான். போர்டு கட்டியாச்சான்னு பாக்க மண்டபத்துக்கு வருவா, பின்னால சுவரோரம் நிப்பா, போயிருவா. உக்காருன்னு சொல்லணும்னு எனக்குத் தோணுனதில்லை. உக்காந்து என்ன செய்யப்போறா, ஒண்ணும் கேக்காதேன்னு நினைச்சிருப்பேன்.

இப்படிப் போய்க்கிட்டிருந்த சங்கத்துல தலைவர் தேர்தல் வந்துச்சு. உலகநாதனும் ரைஸ் மில்லுக்காரரும் முட்டிக்கிட்டாக. ரெண்டு பேருக்கும் இல்லாம பொதுவா ஒரு ஆளைப் போடுவோம்னு பேசுனோம். பல் டாக்டர் ஷமீமா அம்மாவைப் போட்டோம். ரெண்டு பேருக்கும் பல்லு கட்டுனது அவுகதான், அதனால வாயைத் திறந்து எதுத்துப் பேச முடியலை. அவுக ஆஸ்பத்திரியில பிஸியா இருப்பாக, நம்ம இஷ்டத்துக்கு நடத்திக்கிடலாம்னு எங்க கணக்கு.

கணக்கு தப்பாப் போச்சு. அந்த அம்மா முதல் கூட்டத்துலயே சத்தம் போடாம ஒரு விசயத்தைச் சொன்னாக. நாம மேடையில நின்னு குடுக்கோம், அவுக கீழ நின்னு வாங்குதாக, இதுக்குப் பேரு சேவைன்னா கடைக்கு என்ன பேருன்னாக. இனிமே ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும், இது நாள் வரைக்கும் வெளிய நின்ன ஒருத்தர் உள்ள வந்து ஒரு வேலை பாக்கணும். சும்மா சால்வைக்கு இல்லை, உறுப்பினரா வந்து பாக்கணும். எல்லாரும் கை தட்டுனோம். கை தட்டுறதுக்கு என்ன.

அவுக செஞ்சே புட்டாக தம்பி. மோர்ப்பந்தல் திறப்புக்கு வரவேற்புரை யாருங்கீக? மண்டபத்து வாட்ச்மேன் பரமசிவம். வந்தவுகளை எல்லாம் வீட்டுப்பேரு சொல்லி வரவேற்றான், அத்தனை பேரு வீடும் வண்டியும் அவனுக்குத் தெரியும்லா. கண் முகாமுக்கு துப்புரவு வேலை பாக்குற சண்முகத்தாய் குத்துவிளக்கு ஏத்துனா. அன்னைக்குச் சில பேரு தாமசமா வந்தாக, சில பேரு எண்ணெய் சரியில்லைன்னாக. எண்ணெய் எங்க வீட்டுலருந்து போனது. நல்லெண்ணெய்தான்.

நான் எதுக்கும் எதுத்துப் பேசலை. என் எடத்துல யாரும் கை வைக்கலையே. பள்ளிப் பை குடுக்குற நிகழ்ச்சிக்குக் கமிட்டி உக்காந்தப்ப, ஜெசிந்தாவை உறுப்பினரா சேத்திருக்கேன், அவுகளுக்கு என்ன வேலை குடுக்கலாம்னு டாக்டரம்மா கேட்டாக. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. “யாரும் கேக்காத நன்றியுரைதானே, பேசாத பிள்ளையே பேசட்டுமே”ன்னேன். தமாசுக்குச் சொன்னேன் தம்பி. எல்லாரும் சிரிச்சாக, டாக்டரம்மா மட்டும் சிரிக்கலை. நல்ல யோசனை அண்ணாச்சி, உங்களுக்குத்தான் பெரிய மனசுன்னாக. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னான். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டேன்.

நடக்கட்டும், நாறிப்போகும், அடுத்த மாசம் நம்மகிட்டயே வரும்னு இருந்தேன். அவ கையால சொல்லுறதை வாயால எடுத்துச் சொல்ல பாளையங்கோட்டையிலருந்து ஒரு டீச்சர் வர்றதா ஏற்பாடு. அந்த டீச்சருக்குக் காய்ச்சல், வரலை. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. சவம், மைக்குமில்லை பேச்சுமில்லை, இனி என்ன நன்றியுரைன்னு ரெண்டாவது வரிசையில சாஞ்சு உக்காந்தேன்.

இப்போது நன்றியுரைன்னாக. வழக்கம்போல நாற்காலி கறகறன்னுச்சு. பாதிப் பேரு எந்திரிச்சாச்சு. அவ மேடைக்கு வந்து நின்னு, ஒரு விரலால முன்பல்லைத் தட்டி, ரெண்டு கையும் கூப்பி, டாக்டரம்மாவைப் பாத்தா. அட, டாக்டரம்மான்னு சனத்துக்குப் புரிஞ்சு போச்சு. அடுத்து, காதுக்கு மேல இருக்கிற நாலு முடியை எடுத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழிச்சு விடுற மாதிரி ஒரு சைகை. உலகநாதன்! மண்டபமே சிரிச்சுச்சு, உலகநாதனும் சிரிச்சுட்டாரு. காது கேக்காதவுக ஒவ்வொருத்தருக்கும் இப்படி ஒரு கைப்பேரு வைப்பாகளாம், பாத்த உடனே ஆளு தெரியணுமாம். எங்க மூஞ்சிகளை அம்புட்டுக் கிட்டத்துல வச்சுப் பாத்தவ வேற யாரு இருக்கா? ரைஸ் மில்லுக்காரருக்கு மீசை நுனியை முறுக்குறது. அந்தோணிக்கு முழங்கையில ஒயரு சுத்துறது. அன்னைக்கு அந்தோணி ஒயரைச் சுத்தலை, வாயைப் பொளந்து நின்னுட்டான்.

ஒரு ஆளு நகரலை தம்பி. எப்படி நகர முடியும்? என் பேச்சை நடந்துக்கிட்டே கேக்கலாம். அவ பேச்சை நின்னு பாத்தாத்தான் உண்டு. திரும்பிட்டா உங்க பேரு போயிரும். எந்திரிச்சவனெல்லாம் உக்காந்துட்டான். கேசரி ஆறிப்போச்சு.

நானும் பாத்துக்கிட்டிருந்தேன். நல்லா நிமிந்து உக்காந்து, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏன்னு புரியுதா? அன்னைக்குத்தான் என் வாழ்க்கையில முதல் முறையா நான் நன்றியுரை கேக்கேன். இத்தனை வருசம் உழைச்ச அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை இல்லாமலா போயிரும்? பந்தல்காரனுக்கு வந்துச்சு, கேசரி கிண்டுனவனுக்கு வந்துச்சு, வாட்ச்மேன் பரமசிவத்துக்கு வந்துச்சு. கடைசியில கையெடுத்துக் கும்பிட்டுட்டு எறங்கிட்டா. எனக்கு இல்லை.

அன்னைக்கு நான் கேசரி சாப்பிடலை. வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாகிட்ட, பேரு விட்டுட்டா, நன்றியுரையில பேரு விட்டுட்டான்னு குதிச்சேன். யாரு பேரைன்னா. என் பேரைன்னேன். ஓகோன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

மறுநாள் காலையிலயே பிளக்ஸ் கடைக்குப் போனேன், ரெண்டுல ஒண்ணு கேட்டுருவோம்னு. அவளுக்கு நான் கத்துறது கேக்காதுல்லா, கீபோர்டை எங்கிட்டத் தள்ளி விட்டா. ஒரு விரலால தட்டுனேன். ‘நன்றியுரையில் என் பெயர் விடுபட்டது மிகவும் வருத்தம் அளிக்கிறது, இப்படிக்கு கோமதிநாயகம்.’ அவ படிச்சா. எழுத்தைப் பெருசாக்குனா. சுத்தி ஒரு பார்டர் போட்டா, ரெண்டு மூலையிலயும் செவந்திப்பூ வச்சா, பக்கத்துல என் படத்தை ஒட்டிட்டுச் சிரிச்சா. நான் சண்டைக்குப் போனா, சண்டையையே போர்டு ஆக்கி வச்சிருக்கா. எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா படம் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு அவ தட்டுனா. “உங்களை நான் பாத்ததே இல்லையே அண்ணாச்சி. போட்டோவுல பாத்திருக்கேன். நேர்ல, நீங்க மைக்கைப் பிடிச்ச உடனே எல்லாரும் எந்திரிச்சு மறைச்சிருவாக. பின்னால நிக்கிற எனக்கு முதுகுதான் தெரியும். பாக்காத ஆளுக்கு எப்படிப் பேரு வைக்க?”

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு தம்பி. முதுகு எனக்கு மட்டும்தான் தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கத்துலருந்து ஒருத்தி பாத்துக்கிட்டிருந்திருக்கா.

பாக்கலைன்னா இனிமே பாத்துக்கோ பிள்ளைன்னு தட்டிட்டு எந்திரிச்சேன். எனக்கு முப்பது தாண்டியாச்சு, பிள்ளை பிள்ளைங்காதீகன்னு தட்டுனா. சரி பிள்ளைன்னேன்.

அன்னைக்கே சாயங்காலம் கடைக்கு வந்துட்டா. முக்காலியைப் போட்டு உக்காந்து என்னையே பாக்கா. நான் யேவாரம் பாக்க, அவ என்னைப் பாக்க. மறுநாளும் வந்தா, அதுக்கு மறுநாளும் வந்தா. எனக்குன்னா கூச்சமாப் போச்சு, வேட்டியை நல்லா மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பேன். கடைக்குப் பின்னாலதான் வீடு, ஆவுடையம்மா அவளுக்குக் காப்பி கொண்டாந்து குடுப்பா. அவ கன்னத்துக்கிட்டக் கையைக் கொண்டுபோய் நன்றின்னு காட்டுவா. ஆவுடையம்மா என்னை ஒரு பார்வை பாப்பா.

அப்படியே நானும் சைகையைக் கத்துக்கிட்டேன். ஆசையில இல்லை, நல்லாக் கேட்டுக்கிடுங்க. அடுத்த கூட்டத்துல அவ வரிசை மாத்திச் சொல்லிட்டா யாரு கண்டுபிடிக்க? ஒரு மேற்பார்வைக்குத்தான். அண்டாவும் குண்டாவும் தூக்குன விரலு, லேசுல மடங்கலை. கடையில நின்னு கையை ஆட்டிப் பழகுனா, வந்தவுக நான் விலை படியலைங்கேன்னு நினைச்சுப் போயிருவாக. ஆவுடையம்மா அடுப்படியில நின்னுக்கிட்டே எனக்கு முன்னால கத்துக்கிட்டா. இப்ப ரெண்டு பேரும் வீட்டுல வச்சு என் மூஞ்சிக்கு நேராவே என்னைப் பேசுதாக, பாதிதான் புரியுது.

இதைக் கேள்விப்பட்டு டாக்டரம்மா கடைக்கு வந்துட்டாக. ஆண்டுவிழாவுக்கு நீங்க ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க, அவுக கையால சொல்ல, நீங்க வாயால சொல்லுங்கன்னாக. அதாவது, என் மைக்கு எனக்குத் திரும்பி வருது, ஆனா பேச்சு என்னுதில்லை. யோசிச்சுச் சொல்லுதேன்னேன். ராத்திரிக்கு முன்னால சரின்னு போன் போட்டுட்டேன். மைக்கு தம்பி, மைக்கு.

கயத்தாறு தாண்டிருச்சா? இனிதான் விசயமே இருக்கு.

ஆண்டுவிழா அன்னைக்கு மண்டபம் ரொம்பி வழிஞ்சுச்சு. ஜெசிந்தாவுக்குத் தெரிஞ்ச காது கேக்காதவுக ஒரு கூட்டமே வந்திருந்தாக, முன்வரிசையில உக்காந்திருந்தாக. பரமசிவம் சட்டையில பேட்ஜு. சண்முகத்தாய் உறுப்பினருக வரிசையில, ரைஸ் மில்லுக்காரருக்குப் பக்கத்து நாற்காலி. முதல்ல அவர் கொஞ்சம் தள்ளிப் போட்டாரு, அவளும் கொஞ்சம் தள்ளிப் போட்டா, அதுக்கு மேல தள்ள எடமில்லை. நன்றியுரைன்னாக. ஒருத்தரும் எந்திரிக்கலை. நான் மைக்கைப் பிடிச்சேன். ஐயோ தம்பி, இத்தனை வருசத்துல இத்தனை மூஞ்சியை நான் பாத்ததே இல்லை. எல்லாம் என்னைப் பாக்குதுக.

அவ ஆரம்பிச்சா. பல்லைத் தட்டுனா. “எங்கள் தலைவர் டாக்டர் ஷமீமா அவர்களுக்கு நன்றி”ன்னேன். முடியை வழிச்சா, மண்டபம்னேன். வரிசை ஒரு துளி பிசகலை, நான் வைக்கிற அதே வரிசை. எங்க கத்துக்கிட்டாளோ. சாப்பாடு ஆச்சு, பந்தல் ஆச்சு. அடுத்து மைக் செட்டு அந்தோணிதான். வாயில அந்தோணி ரெடியா இருக்கான்.

அவ ஒயரைச் சுத்தலை. எம்பக்கம் திரும்புனா. இடது கையில ஒரு பாத்திரத்தை ஏந்துற மாதிரி பிடிச்சா. வலது கை நடுவிரலால அதைச் சுண்டுனா. சுண்டிட்டு, அந்தப் பாத்திரத்தைக் காதுக்கிட்டக் கொண்டு போயி, தலையைச் சாச்சு, கண்ணை மூடுனா.

எனக்குப் புரியுறதுக்கு முன்னால மண்டபத்துக்குப் புரிஞ்சு போச்சு. கோவில்பட்டியில எங்கிட்டப் பாத்திரம் வாங்காத வீடு உண்டா? ஒரு சொம்பைக் குடுக்கதுக்கு முன்னாலகூட நான் சுண்டி, சத்தம் கேட்டுத்தான் குடுப்பேன். கண்ணை மூடுவேன்னு எனக்கே தெரியாது. அதைப் பாத்திருக்கா. அத்தனை சாயங்காலம் முக்காலியில உக்காந்து அதைத்தான் பாத்திருக்கா. அவளுக்கு அந்தச் சத்தம் என்னன்னு தெரியாது, ஆனா அதைக் கேக்கிற என் மூஞ்சி தெரிஞ்சிருக்கு. அதுதான் என் பேரு.

சுண்டிட்டு, ரெண்டு கையையும் கூப்பி எனக்குத்தான் நன்றின்னா. சொல்லிட்டு என் வாயைப் பாத்துக்கிட்டே நிக்கா. நான் சொல்லணும்லா, அவ கையால சொன்னதை நான் வாயால சொல்லணும். மைக்கு வாய்க்கு நேரா இருக்கு. “கோமதிநாயகம்”ன்னு ஆரம்பிக்கணும், அவ்வளவுதான். வரலை தம்பி. கலெக்டர் பேரு வந்திருக்கு, மந்திரி பேரு வந்திருக்கு, வாயில நுழையாத வடநாட்டு ஆபீசர் பேருகூட வந்திருக்கு. என் பேரு வரலை. அழுகை வந்துச்சு. எல்லாரு முன்னாலயும் அழுதேன், அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டிருக்க அழுதேன். அதுக்கப்புறம் என்ன செஞ்சேன் தெரியுமா? மைக் செட்டு அந்தோணிக்கு நன்றின்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

விட்டுப்போச்சு. ஒரே ஒரு பேரு.

யாரும் கை தட்டலை. முன்வரிசையைப் பாத்து எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கி விரலை ஆட்டுனாக, காது கேக்காதவுக கை தட்டுறது அப்படித்தான். உலகநாதன் ஆட்டுறாரு. ரைஸ் மில்லுக்காரர் ஆட்டுறாரு, பக்கத்துல சண்முகத்தாய் ஆட்டுறா. ஆவுடையம்மா எந்திரிச்சு நின்னு ஆட்டுறா. ஒரு சத்தமில்லை. நாற்காலிச் சத்தம்கூட இல்லை.

சரி, நல்லாத்தான் இருந்துச்சு. அதை இல்லைங்கலை. ஆனா என் கணக்குல கறை விழுந்துச்சா இல்லையா? ஒரு பேரு விடாதவன்னு பேரெடுத்தவன், அவளால கெட்டேன். நிரல்ல இல்லாத பேரை அவ எதுக்குச் சொன்னான்னு கமிட்டியில வாயாலயும் கையாலயும் கேட்டேன். டாக்டரம்மா ஜெசிந்தாவைப் பாத்தாக. அவ எந்திரிச்சு நின்னு என்னையே மடக்குனா. சங்கத்துல ஒரு விதி இருக்குன்னு கையால சொன்னா. உலகநாதன் சமாச்சாரத்துக்கு அப்புறம் நான்தான் அந்த விதியைப் போட்டேன். ஒரு பேரு விட்டுப்போனா, அடுத்த கூட்டத்துல அந்தப் பேரைத்தான் முதல்ல சொல்லணும், விட்டவரே சொல்லணும். அதைக் கொண்டாந்து எம்மேலயே போட்டுட்டா. கமிட்டி பூராவும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டுது.

அந்த அடுத்த கூட்டம் இன்னைக்குத்தான் தம்பி. திருநெல்வேலியில ஒரு சங்கத்துல எங்க ரெண்டு பேரையும் பாக்கணும்னு கூப்பிட்டிருக்காக. வெளியூருன்னா விதி செல்லாதுன்னு சொல்லிப் பாத்தேன். ஆவுடையம்மாவையும் ஜெசிந்தா கூட்டிக்கிட்டு வந்திருக்கா, சாட்சிக்கு.

அந்தா, ஜெசிந்தா திரும்பிப் பாக்கா. என்ன கேக்கா தெரியுமா? சொல்லிப் பாத்தீகளாங்கா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு காட்டிட்டேன். பொய்தான். பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதிருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன், ‘கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு நன்றி’ங்கிற எடம் வந்த உடனே மனசு அந்தோணி பேருக்குத் தாவிருது. ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தைதான். என் பேரோட சேத்து ஒரு தடவைகூடக் காதுல விழுந்ததில்லையா, எப்படி இருக்கும்னே தெரியலை.

தாழையூத்து வந்திருச்சு. இன்னும் செத்த நேரம்தான். தம்பி, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க ஒரு தடவை அதைச் சொல்லுங்களேன். கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு நன்றின்னு. எதுக்குன்னு எல்லாம் காரணம் வேண்டாம், சும்மா சொன்னாப் போதும். மெதுவாவே சொல்லுங்க. பஸ் சத்தத்துல கேக்காதோன்னு யோசிக்காதீக, நான் உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.